குளம் தூர்த்தவன்

தமிழில் 'தூர்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. ஏரியிலும் குளத்திலும் வருஷக் கணக்காகப் படிந்துபோகும் வண்டலுக்கு அந்தப் பெயர். அதை அள்ளி வெளியே போட்டால் தூர் வாருதல், அது புண்ணியம். மண்ணைக் கொட்டி நீர்நிலையை நிரப்பிவிட்டால் தூர்த்தல், அது பாவம். ஒரே சொல்லின் இரு பக்கத்திலும் புண்ணியத்தையும் பாவத்தையும் உட்கார வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். குளம் வெட்டியவனுக்கு என்னென்ன பலன் என்று விரிவாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளத்தைத் தூர்த்தவனுடைய கதியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசவே கூசினார்கள் போலும்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து கதை எழுதிப் பிழைக்கிற நான், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், என் வீட்டுக் கொல்லையிலிருந்த நீச்சல் குளத்தைத் தூர்த்தேன்.

எளாவூரில் நீச்சல் குளமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எளாவூர். அதைத் தாண்டினால் ஆரம்பாக்கம், பிறகு தடா. தடா வந்துவிட்டால் ஆந்திரம். இங்கே ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய் முடிந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி. அதில் இரவெல்லாம் லாரிகள். தெற்கே தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். கிழக்கே பழவேற்காட்டு உப்பங்கழி. சில்காவை விட்டால் இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி அதுதான். இத்தனைக்கும் நடுவே நீல ஓடு பதித்த ஒரு நீச்சல் குளம் இருந்தது என்றால், அதற்கு ஒரு மனிதருடைய ஆசைதான் காரணம்.

அவர் என் பெரியப்பா மகன். இருபது வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். பாலைவனத்தில் இருந்தவருக்குத் தண்ணீரின் மேல் மோகம் வருவது இயற்கை. ஊரில் வீடு கட்டியபோது பின்பக்கத்தில் 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு குளமும் கட்டினார். ஒரு முனையில் 3 அடி ஆழம், மறுமுனையில் 6 அடி. இறங்கி ஏற, பளபளவென்று ஓர் எவர்சில்வர் ஏணி. பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள், நீந்துவார்கள் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் இரண்டு தடவை வந்தார்கள். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், கனடா. அண்ணன் வயதான காலத்தில் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போனார். வீட்டை நான் கிரயம் செய்துகொண்டேன். வீட்டோடு குளமும் வந்தது.

நீச்சல் குளம் வைத்திருப்பது யானை வைத்திருப்பது மாதிரி. சாதுவாக நின்றுகொண்டிருக்கும், தீனிக்குத்தான் மாளாது. அந்தக் குளம் நிரம்ப 25,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். பெரிய டாங்கர் லாரியில் இரண்டு நடை. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 90 லிட்டருக்குமேல் ஆயிற்று. தினம் ஏழு குடம் தண்ணீரைச் சூரிய பகவானுக்கு அர்க்கியம் விட்டுக்கொண்டிருந்தோம். சுத்தம் செய்யும் மோட்டார் ஒரு நாள் மூச்சை நிறுத்தியது. அதன் பிறகு தண்ணீர் பச்சையாயிற்று. தவளைகள் குடித்தனம் வந்தன. தவளைக்கு முன்னாலேயே கொசு வந்துவிட்டது.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரை இறைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. சுவரில் ஒட்டிய முட்டை மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்கு உயிர் பெறும். கம்பூசியா மீன் விட்டுப் பார்த்தேன். அது கொசுப் புழுவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் என் மீனைக் கொக்கு தின்றுவிட்டது. சுகாதார ஆய்வுக்கு வந்த பெண்மணி அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, "இது எத்தனை நாளைக்கு சார் காப்பாத்தும்? ஒண்ணு ஒழுங்கா வெச்சுக்குங்க, இல்லேன்னா மூடிடுங்க" என்று சொல்லிப் போனார்.

கொசுவுக்காக மட்டும் நான் மூடியிருக்க மாட்டேன். ஒரு நாள் பிற்பகல் பக்கத்து வீட்டுக் குழந்தை, மூன்று வயசுப் பையன், வேலி இடுக்கில் நுழைந்து வந்து, 6 அடி ஆழமுள்ள முனையில் குந்தி உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். கப்பல் கைக்கு எட்டாத தூரம் போய்விட்டது. அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. குளம் போக வேண்டும் என்பது அன்றைக்கு முடிவாயிற்று.

முடிவு தெரிந்ததும் முதல் ஆட்சேபணை அந்தப் பையனுடைய கொள்ளுப் பாட்டியிடமிருந்தே வந்தது. தெருவுக்கே அவள் ஆயா. எண்பதைத் தாண்டியவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

"நைனா, தண்ணி நின்ன எடத்தை மூடாதே. வம்சத்துக்கு ஆவாது."

"ஆயா, உன் கொள்ளுப் பேரன் அதில் விழ இருந்தானே?"

"வேலியைக் கட்டு. தண்ணியை ஏன் கொல்றே?"

கொல்வது என்ற அந்தச் சொல் என்னைச் சும்மா விடவில்லை. நான் கொல்லப்போவது எதை என்று பல நாள் யோசித்தேன்.

மொகஞ்சதாரோவில் ஒரு பெரிய குளியல் குளம் இருக்கிறது. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழம். நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்டது. செங்கல்லை நெருக்கி அடுக்கி, பின்னால் நிலக்கீல் பூசி, ஒரு சொட்டும் கசியாமல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மண்ணைத் தொடவே கூடாது என்பதுதான் அந்தக் கட்டடக் கலையின் சாமர்த்தியம். நீச்சல் குளங்களெல்லாம் அதன் வாரிசுகள்.

நம் ஏரி குளங்களின் தர்மம் நேர் எதிரானது. அவற்றுக்குக் கரை உண்டு, மடை உண்டு, கலங்கல் உண்டு. சிமெண்டுத் தரை கிடையாது. மேலே நிற்கும் தண்ணீர் கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஏரி நிரம்பினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தானாக ஊறும். மண்ணோடு பேசிக்கொண்டிருக்கிற தண்ணீருக்குத்தான் குளம் என்று பெயர். என் கொல்லையில் இருந்ததோ பூமியில் புதைத்த ஓர் அண்டா. அண்டாவைக் கவிழ்த்ததற்கு எந்தச் சாஸ்திரமும் பாவம் சொல்லவில்லை.

இந்த வாதத்தைப் பெருமையோடு ஆயாவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்டாவோ குண்டாவோ, காக்கா குருவி குடிச்சுதா இல்லியா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் குளம் தூர்த்தவர்கள் யார் என்று பார்க்கப் போனால், நாம் பெருமையோடு குடியிருக்கும் பட்டணமே எழுந்து நின்று கை தூக்க வேண்டியிருக்கும். சென்னை மாம்பலத்தில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதை வற்றச்செய்து மனை போட்டார்கள். அதுதான் தியாகராய நகர். இன்றைக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய் நாம் நெரிபடுகிற தெருக்களில் பல, ஒரு காலத்து ஏரிப் படுகை. மேற்கு மாம்பலத்தில் ஏரி தெரியும் சாலை என்று பொருள்படும் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. சாலை இருக்கிறது, ஏரி மட்டும் இல்லை. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில்தான். நீரின் பெருமையைச் சொன்ன புலவருக்கு நீர் இருந்த இடத்திலேயே கோட்டம் அமைந்தது! பெயரைத் தூர்ப்பதற்கு மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் தண்ணீருக்கு ஞாபகசக்தி அதிகம். 2015 டிசம்பரில் அது தன் பழைய விலாசங்களைத் தேடிக்கொண்டு வந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு மாதிரி. இங்கிருந்து தெற்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் பட்டணத்துக்கும் பயிருக்குமாக நிலத்தடி நீரை ஆண்டுக் கணக்கில் இறைத்தார்கள். நல்ல தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் கடல் பூமிக்கடியில் முன்னேறி வந்துவிட்டது. இந்த விஷயத்தில் இயற்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை அது உப்பை அமுக்கி வைக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். கந்துவட்டிக்காரன்கூட இந்த விகிதத்தில் கேட்க மாட்டான். கடைசியில் மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை 2010-ல் திறக்க வேண்டி வந்தது.

இந்தக் கணக்குப் புரிந்த பிறகு என் கொல்லையை வேறு கண்ணால் பார்த்தேன். 200 சதுர அடி. எங்கள் பக்கத்தில் ஆண்டு மழை ஒரு மீட்டருக்குக் குறைவதில்லை என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் விழும் மழை மட்டும் 18,500 லிட்டர். அந்தத் தண்ணீர் ஒரு வருஷமும் மண்ணுக்குள் போகவில்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதன்படி வீட்டின் முன்பக்கம் குழாய் போட்டுக் குழி வெட்டி மழையை வரவேற்றார்கள். பின்பக்கமோ சிமெண்டுப் பூசி அதே மழையை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இனி அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"ஏரியிலே நீஞ்சக் கத்துக்கிட்டவன்டா நான். அந்தப் பசங்களுக்கு ஏரியும் இல்லே, கிணறும் இல்லே. அதுக்காகத்தான் கட்டினேன்" என்றார்.

"தெரியும் அண்ணா."

"இடிக்கறதுன்னா இடி. உன் வீடு. ஏணியை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுடாதே."

அவ்வளவுதான். கோபித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நீச்சல் குளத்தை எடுப்பது, கட்டுவதைவிட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை என்பதை மேஸ்திரி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐப்பசியில் தொடங்கலாமா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். "காலித் தொட்டி படகு மாதிரி சார். மழையிலே கீழே ஊத்து ஏறிச்சுன்னா மொத்தமா மெதந்து மேலே வந்துடும். உள்ளே நிக்கிற தண்ணிதான் அதை அமுக்கி வெச்சிருக்கு." 25 டன் எடையுள்ள தண்ணீரை எடுத்துவிட்டால் அடியிலிருந்து தள்ளும் நீருக்கு எதிர்ப்பு ஏது? பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் எளாவூர்க் கொல்லையில் வந்து நின்றார். ஆகவே நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் சித்திரைக்குக் காத்திருந்தோம்.

மேஸ்திரி இரண்டு வழி சொன்னார். முதல் வழி மலிவு. தரையில் நாலைந்து ஓட்டை போடுவது. சுவரின் மேல்பகுதியை 2 அடிக்கு உடைத்து உள்ளேயே தள்ளுவது. மேலே மண் போட்டு மூடிவிடுவது. நாலு நாளில் வேலை முடியும். யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே கிடக்கும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பொந்து இருக்கும். நாளாவட்டத்தில் மண் அதில் இறங்கி மேலே குழி விழும். புல் வளரும், மரம் வளராது. இரண்டாவது வழி, தரையும் சுவரும் முழுவதையும் பெயர்த்து வெளியே எடுப்பது. செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நான் முதல் வழியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேன். எழுத்தாளன் வருமானம் உங்களுக்குத் தெரியாததல்ல. என் மனைவிதான், "எடுக்கறதுன்னா வேரோட எடுங்க. பாதி எடுத்த பல்லு ராத்திரியிலேதான் வலிக்கும்" என்றாள். வழக்கு அதோடு தீர்ந்தது.

பிரேக்கர் எந்திரம் வந்தது. ஆறு நாள் தெருவே அதிர்ந்தது. நீல ஓடுகள் தெறித்தன. நல்லதாக நாலைந்தைக் கப்பல் விட்ட பையன் பொறுக்கிக்கொண்டு போனான். கம்பி காயலான் கடைக்குப் போனது, ஏணி போகவில்லை. உடைந்த கான்கிரீட்டைச் சாலையோரத்திலோ கால்வாயிலோ கொட்டிவிட்டு வருவது சிலருக்கு வழக்கம். கட்டட இடிபாடுகளை அப்படிக் கொட்டக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நான் அவற்றைச் சின்னதாக உடைக்கச் செய்து, மழைக் காலத்தில் சேறாகும் என் வண்டிப் பாதைக்கு அடியில் போட்டுக்கொண்டேன்.

தரையின் கடைசித் துண்டைப் பெயர்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அடியில் இருந்த மண் வெளுத்து, நசநசவென்று, ஒரு வாசனையும் இல்லாமல் கிடந்தது. மண்புழு இல்லை, ஓர் எறும்புகூட இல்லை. கட்டிய நாளிலிருந்து வெயிலையும் மழையையும் பார்க்காத மண். ஆயா சொன்ன 'கொல்வது' எங்கே, எப்போது நடந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். 900 கன அடி. எங்கள் பக்கத்துக் கணக்கில் 9 யூனிட். கொட்டிய மண் தாழும் என்பதால் 12 யூனிட் வேண்டும். டிப்பரில் நாலு லோடு. "சவுடு தானே சார்? ஏரியிலிருந்து அடிச்சுடலாம்" என்றார் ஒருவர். ஏரியில் படிந்த வண்டலை அளவோடு எடுத்தால் அது தூர் வாருதல். அளவு மீறி, மடையின் மட்டத்துக்கும் கீழே பள்ளம் பறித்தால், அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை ஏறி வயலுக்கு வராது. என் அண்டாவைத் தூர்க்க ஓர் ஏரியின் வயிற்றைக் கிழிப்பதா? இரண்டு தெரு தள்ளி ஒருவர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டி, அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். அவர் மண் என் பள்ளத்துக்கு வந்தது. லாரி வாடகையோடு போயிற்று.

1 அடிக்கு ஒரு படையாக மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டோம். மேல் 2 அடியை மட்டும் இடிக்காமல் பொலபொலவென்று விட்டு, தொழு எருவைக் கலந்தோம். இறுகிய மண் இன்னொரு சிமெண்டுத் தரைதான் என்று மேஸ்திரியே எச்சரித்தார். வேலை முடிந்த அன்று ஆயாவின் வேலியோரமாக ஒரு கல்தொட்டியும் வாங்கிப் போட்டேன். 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்து ஊற்றுவதால் கொசுவுக்கு அதில் குடித்தனம் நடத்த அவகாசம் இல்லை. காக்கை குருவி வழக்கில் நான் தோற்றதற்கு அபராதம் அது.

நீச்சலுக்கு நான் விரோதி அல்ல. ஆற்றிலும் கடலிலும் சாகிற நம் பிள்ளைகளை நினைத்தால், ஊருக்கு ஒரு பொது நீச்சல் குளம் கட்டி, ஆசானும் வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் பழக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். நூறு பிள்ளைகள் நீந்துகிற குளத்துக்குச் செலவாகும் தண்ணீருக்கு ஓர் அர்த்தம் உண்டு. இரண்டு பிள்ளைகள் இரண்டு தடவை நீந்துவதற்காக ஒரு துண்டு பூமியைக் கால் நூற்றாண்டு இருட்டில் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அண்ணனுடைய ஆசையில் குற்றமில்லை. அவர் ஏரியைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தார். ஏரியைத் தனியாக ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் கொல்லையைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சற்று நேரம் குட்டையாக நின்றது. அரை மணியில் காணோம். கிணற்றுத் தண்ணீர் இனித்துவிட்டது என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். 200 சதுர அடியால் கடலைத் திருப்பி அனுப்ப முடியாது. மழை நின்றதும் யாரும் விதைக்காமல் அருகு வந்தது, கோரை வந்தது, குப்பைக் கீரை வந்தது. நாங்கள் விதைத்த அவரை அதற்குப் பிறகுதான் வந்தது. அது அண்ணனுடைய ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். 'காய் பறிக்க ஆள் இருக்கா?' என்று பதில் வந்தது. ஆயா இருக்கிறாள். பறிப்பது பெரும்பாலும் அவள்தான். பாவத்தைப் பற்றி இப்போதெல்லாம் அவள் பேசுவதில்லை.

ஆழமாக இருந்த முனையில் மட்டும் மண் நாலு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு மழை போனால்தான் நன்றாக உட்காரும், அதற்கு முன் அங்கே மரம் வைக்காதீர்கள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். ஒரு வேப்பங்கன்று தொட்டியில் காத்திருக்கிறது. எனக்கு அவசரமில்லை.